குளக்கரைகளில் கொஹில நடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையாகிய ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரங்களாக 2018ஆம் ஆண்டு முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. ஆயினும் இங்கே ஒரு குளத்தைப் புனரமைக்கத் தொடங்கினால், கரையிலுள்ள செடிகொடிகளை அடியோடு வழித்தெடுத்துவிட்டு, கொங்கிரீட் வரம்பு கட்டி, அதன்மேல் பிறநாட்டு அழகுச் செடிகளை வரிசையாக வைப்பதே வழக்கமாக இருக்கிறது. அவ்விடங்களில், இந்நாட்டுச் சதுப்புகளில் இயல்பாகவே வளரும் கொஹிலவை நடலாம் என்பது என் வேண்டுகோள்.

சந்தையில் கட்டுக்கட்டாக விற்கப்படும் கொஹிலவை நம்மவர் மரக்கறியாகவே அறிவர். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் தண்டு, சேற்றுக்குள் கிடையாகப் படர்ந்து வேர்விட்டுக் கரைமண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அம்பு முனைபோன்ற இளம் இலைகள் முதிர்ந்ததும் ஆழமாகப் பிளவுபட்டு விரிகின்றன. மேல் மாகாணத்தின் ஈரப்பதனில் அது ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். மரநிழலும் அதற்குத் தடையன்று. முள் நிறைந்த அதன் புதர், கானாங்கோழி போன்ற பறவைகளுக்கு நல்ல மறைவிடமாகும்.

நடுவதும் எளிது. முளையுள்ள தண்டை ஒரு சாண் அளவு துண்டுகளாக வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில், நீர் வந்து தொடும் சேற்றில் இரண்டு மூன்றடி இடைவெளியில் சாய்வாகப் பதித்தாற் போதும். முட்கள் இருப்பதால் சிறுவர் இறங்கி விளையாடும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். கழிவுநீர் கலக்கும் குளங்களில் வளர்ந்ததைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. அதனை அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது நல்லது.

கரையில் பச்சை தெரிந்தாலே டெங்கு வரும் என்று அஞ்சுவோரும் உளர். டெங்கு நுளம்பு பெருகுவது பெரும்பாலும் வீட்டைச் சுற்றிக் கிடக்கும் தகரப்பேணி, ரயர், பூச்சாடித் தட்டு போன்றவற்றில் தேங்கும் நீரிலேயாகும். மீன்கள் வாழும் குளத்தில் நுளம்புக் குடம்பிகள் பெரும்பாலும் அவற்றுக்கு இரையாகிவிடும்.

வெளியிலிருந்து வந்த நீர்த்தாவரங்களால் நாம் ஏற்கெனவே போதிய அளவு பட்டிருக்கிறோம். ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த 1909ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சதுப்புகளில் இன்று அடர்ந்து பரவும் வெல் ஆத்தா என்னும் சிறுமரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. ஆகவே, இனி வரும் குளப் புனரமைப்புத் திட்டங்களின் மதிப்பீட்டில், கரையின் ஒரு பகுதியையேனும் கொங்கிரீட் இன்றிச் சாய்வான மண்கரையாக விட்டு, அங்கே கொஹில நடுவதற்கும் முதல் ஆண்டுப் பராமரிப்புக்கும் உரிய செலவைச் சேர்த்துக்கொள்ளுமாறு உள்ளூராட்சி மன்றங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு.