பெயர் தெரியாத படங்களைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காக நடத்திய சோவியத் படத் திரையிடல் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களுக்கு அன்றைக்கே நேரில் நன்றி சொல்லிவிட்டேன். வெளியூரில் இருந்துகொண்டே உதவியவர்களும், மேடையில் பேரைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவர்களும் நிறையப் பேர். அவர்களையும் சேர்த்துத்தான் இந்த மடல்.

எண்பதுகளில் எங்கள் ஊரில் இந்திய சோவியத் கலாச்சாரக் கழகத்துக்கு ஒரு கிளை இருந்தது. இஸ்கஸ் என்றுதான் சொல்வோம். 16 மி.மீ. புரொஜெக்டரைக் கொண்டுவந்து, திறந்த வெளியில் திரை கட்டிப் படம் போடுவார்கள். ரஷ்ய மொழி ஒரு வார்த்தை புரியாது. தோழர் ஒருவர் மைக்கைப் பிடித்துக் கதை சொல்வார். படம் மனதில் அப்படியே பதிந்துவிடும், பெயர்தான் தங்காது. குளம்பைத் தட்டினால் பொற்காசு சிதறும் மான், பனிக்குள் தொலைந்துபோன ஒரு சின்னப் பிராணி, எஜமானைத் தேடி அலையும் நாய் என்று துண்டு துண்டாகவே வருஷக்கணக்கில் எனக்குள் கிடந்தன. பேர் தெரியாமல் எங்கே போய்த் தேடுவது?

முதல் நன்றி அந்தக் கிளையின் செயலாளராக இருந்த வக்கீல் ஐயாவின் குடும்பத்துக்கு. ஐயா இப்போது நம்மோடு இல்லை. அவர் மகள் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை எனக்காக இறக்கிக் கொடுத்தார். செல்லரித்த நோட்டீசுகளுக்கு நடுவே 'தங்க மான்' என்று ஒரு வரி இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் படத்தைப் பிடித்தோம். 1954-இல் மாஸ்கோவின் சோயுஸ்மல்ட்ஃபிலிம் ஸ்டூடியோவில் லெவ் அதமானவ் இயக்கியது. கதை நடப்பதோ இந்தியாவில்! பேராசைக்கார ராஜா, அனாதைச் சிறுவன், காடு, புலிக்குட்டிகள், யானை. சிறுவன் தனக்கு வேண்டிய காசு கிடைத்ததும் போதும் என்கிறான். ராஜாவுக்கோ அந்த வார்த்தையே வாயில் வருவதில்லை. 'போதும்' என்று சொன்னால் பொன்னெல்லாம் ஓடாகிவிடும் என்று மான் ராஜாவை முன்கூட்டியே எச்சரிக்கிறது. குவியல் கழுத்துவரை ஏறியதும் அவன் அலறுகிறான் பாருங்கள், முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றே கத்தினார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே நடிகர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அந்த அசைவைப் பார்த்துக் கையால் வரைகிற வழக்கம் உண்டு. ஆட்கள் நடப்பதிலும் திரும்புவதிலும் அத்தனை நிஜம் இருப்பது அதனால்தான். அதே அதமானவ் 1957-இல் எடுத்த 'பனி அரசி'யைப் பார்த்துத்தான் அனிமேஷன் வேலையில் தன் ஊக்கம் திரும்பியது என்று ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் இயக்குநர் மியாசாகியே சொல்லியிருக்கிறார்.

அடுத்தது டாக்டர் அக்காவுக்கு. லெனின்கிராடில் மருத்துவம் படித்தவர். "பனிமூட்டம், வெள்ளைக் குதிரை, கையில் ஒரு சின்ன மூட்டை" என்று போனில் நான் ஆரம்பித்ததுமே, "அது முள்ளெலி தம்பி, நார்ஷ்தெய்ன் படம்" என்றார். யூரி நார்ஷ்தெய்ன் 1975-இல் எடுத்த 'பனிமூட்டத்தில் முள்ளெலி' என்ற பத்து நிமிட அனிமேஷன் படம் அது. கரடிக்குட்டியோடு உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணுவதற்காக, ராஸ்பெரி ஜாமைக் கட்டி எடுத்துக்கொண்டு முள்ளெலி கிளம்புகிறது. வழியில் பனி மூடுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பனியைப் பார்க்க வேண்டும். அதற்கென்று பெரிய சாதனம் எதுவும் கிடையாது. மெல்லிய காகிதம் ஒன்றைக் காட்சியின் மேல் வைத்து, கேமராவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். அடியில் இருக்கும் உருவம் மங்கி மறைந்துபோகும். உருவங்களை வரைந்தவர் நார்ஷ்தெய்னின் மனைவி பிரான்செஸ்கா யார்புசவா. கதை சொல்லும் குரல் அலெக்சி பதாலவுடையது. 'கொக்குகள் பறக்கின்றன' படத்தில் போருக்குப் போகிற பரீஸ் அவர்தான் என்று அக்கா சொன்னபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

அக்கா அதோடு விடவில்லை. இரவு டியூட்டி முடிந்து வந்து, வசனங்களைக் காதால் கேட்டே தமிழில் எழுதி அனுப்பினார். செபுராஷ்காவுக்கும் அவர் எழுதியதுதான். ரமான் கச்சானவின் பொம்மைப் படம், 1969-இல் தொடங்கிய வரிசை. ஆரஞ்சுப் பெட்டிக்குள் வந்து சேர்ந்த, என்ன பிராணி என்றே யாருக்கும் தெரியாத குட்டி அது. மிருகக்காட்சிசாலையில் முதலையாகவே வேலை பார்க்கும் கேனா என்ற முதலை, தனிமை தாங்காமல் நண்பர்கள் வேண்டும் என்று ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு உயிர் இந்தப் படத்தின் மீதுதான். கிளாரா ருமியானவா என்ற ஒரே அம்மாள்தான் செபுராஷ்காவுக்கும் ஓநாய் முயலைத் துரத்தும் 'நு, பகதீ' கார்ட்டூன் வரிசையின் முயலுக்கும் குரல் கொடுத்தவர். யாரும் சொல்லாமலே ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கும் என் நன்றி.

சப்டைட்டில் போட்ட தம்பிகளைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் வாசிக்கிற வேகத்துக்கு வரிகளை உடைத்து, நேரம் பார்த்து, திரும்பத் திரும்பத் திருத்திய பொறுமை சாதாரணமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னவர்களுக்காகக் கல்லூரி மாணவிகள் இருவர் மைக்கில் உடனுக்குடன் பேசினார்கள். பழைய தோழரின் வேலையை இந்தப் பெண்கள் எடுத்துச் செய்தது எனக்குத் தனிச் சந்தோஷம்.

நாய்ப் படம் 'வெள்ளை பீம், கறுப்புக் காது'. ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி, 1977. ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. எஜமானை ஆபரேஷனுக்காக மாஸ்கோவுக்குக் கொண்டுபோன பிறகு பீம் தெருத்தெருவாக அவரைத் தேடுகிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், முடிவு தாங்க முடியாதது. பிள்ளைகளுக்கு இதைப் போடலாமா என்று தலைமையாசிரியை டீச்சர் தயங்கினார். அவர் கவலை நியாயம்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் மட்டும், பெற்றோரும் கூட உட்கார வேண்டும் என்று அவரே ஒரு வழி சொன்னார். பிள்ளைகளிடம் துக்கத்தை மறைக்காததுதான் இந்தப் படங்களின் பெரிய பலம் என்று நம்புகிறவன் நான். நம்பி உட்கார்ந்த பெற்றோருக்கும், அன்று கண் சிவந்து போன பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்ட தாத்தா பாட்டிகளுக்கும் நன்றி.

பெரியவர்களுக்காக ஒரு மாலை கிரிகோரி சுக்ராயின் 'ஒரு போர்வீரனின் கதை'யைப் போட்டோம். 1959. இரண்டு டாங்கிகளை வீழ்த்திய பையன், பதக்கத்துக்குப் பதிலாக அம்மாவைப் பார்க்க லீவு கேட்கிறான், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று. வழியெல்லாம் மற்றவர்களுக்கு உதவியே லீவு கரைந்துவிடுகிறது. அம்மாவோடு கிடைப்பது சில நிமிடங்கள். எங்கள் ஊரில் பட்டாளத்து வீடுகள் அதிகம். முன்னாள் ராணுவத்தினர் நாற்காலி போட, டீ கொடுக்க என்று ஓடியாடி நின்றார்கள். படத்தையும் பார்த்து, இளையவர்களிடம் நெடுநேரம் பேசவும் செய்தார்கள். இந்தப் படத்தை எடுத்த மாஸ்ஃபிலிம் ஸ்டூடியோ தன் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகவே வைத்திருப்பதால், வீட்டில் மறுபடி பார்க்க விரும்பியவர்களுக்கு வழி சொல்வதும் எளிதாயிற்று.

ஜெனரேட்டர் தந்த பந்தல்காரர் அண்ணன், ஜமுக்காளம் அனுப்பிய கோயில் கமிட்டி, மழை வந்தபோது புரொஜெக்டரை முதலில் தூக்கிக்கொண்டு ஓடிய பத்தாம் வகுப்புப் பையன்கள் எல்லோருக்கும் நன்றி.

தமிழ் சப்டைட்டில்கள் பள்ளி நூலகக் கணினியில் இருக்கின்றன. எந்த ஊர்ப் பள்ளி கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுப்போம். காலாண்டு விடுமுறைக்குப் 'பனி அரசி' போட எண்ணம். வசனத்தை அக்கா எழுதத் தொடங்கிவிட்டார். மைக்கில் பேச இன்னும் இரண்டு பேர் தேவை, விருப்பமுள்ளவர்கள் டீச்சரிடம் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
திரையிடல் குழுவுக்காக