தொட்டி தயாரான பிறகே மீன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தொட்டியும் மீனும் ஒரே நாளில் கேட்டு வருபவர்களிடம் தொட்டியை மட்டுமே கொடுத்து அனுப்புகிறோம். பிள்ளைகளுக்கு அது ஏமாற்றம்தான். காரணத்தைக் கடையில் நின்றபடி முழுதாகச் சொல்ல முடிவதில்லை என்பதால் இந்த மடல்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அது செவுளை அரித்துவிடும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றியே கட்டுக்குள் வைக்கலாம். இந்த இரு வகை பாக்டீரியாவும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் இவை இல்லை. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மீனை விட்டு இவற்றை வளர்ப்பதைவிட, அம்மோனியாவை நாமே ஊற்றி வளர்ப்பது நல்லது. எந்த உயிரும் வதைபடாது. 100 லிட்டர் தொட்டிக்குக் கணக்குச் சொல்கிறோம்: 10 கிராம் அம்மோனியம் குளோரைடை 500 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 31 மில்லியைத் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். வீடு துடைக்கும் அம்மோனியாவில் வாசனையும் நுரைப்பொருளும் கலந்திருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தை முதலிலேயே கலந்துவிடுங்கள். லெனேசியா, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து உறவினருக்கு இந்த மடலை அனுப்புகிறவர்கள் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: அங்கே தண்ணீர் வழங்கும் ரேண்ட் வாட்டர் நிறுவனம், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைனைச் சேர்க்கிறது. வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் அது போகாது, மருந்து கட்டாயம் வேண்டும்.

ஹீட்டரை 28 டிகிரியில் வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் பாக்டீரியா மிக மெதுவாகவே பெருகும். டர்பன் ஜூலை இரவுகளுக்கும் ஹீட்டர் தேவை. ஃபில்டரை இரவும் பகலும் ஓட விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். நோயில்லாத தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இந்தத் துண்டு இருந்தால் ஓரிரண்டு வாரத்தில் தொட்டி தயாராகலாம், இல்லையென்றால் நான்கு முதல் ஆறு வாரம். தீபாவளிக்கு மீன் நீந்த வேண்டுமென்றால் புரட்டாசி பிறக்கும்போதே தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டால் அளந்து எழுதி வையுங்கள். அம்மோனியா 0.5-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் 2-க்குக் கொண்டுவாருங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று அள்ளி ஊற்றாதீர்கள்: 5-ஐத் தாண்டினால் வளர்ச்சி தேங்கும்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது நடுக்கட்டத்தில்தான். அம்மோனியா இறங்கிவிடும், நைட்ரைட் மட்டும் வாரக்கணக்கில் உச்சத்திலேயே நிற்கும். நைட்ரைட்டை மாற்றும் பாக்டீரியா மெதுவாக வளர்வதுதான் முதல் காரணம். நைட்ரைட் 5-ஐத் தாண்டியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது, போய்விடாது. ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் அவற்றுக்கு வேண்டிய பாஸ்பேட் கிடைக்கும். பிஎச் (அமில-கார) அளவையும் பாருங்கள். பாக்டீரியாவின் இந்த வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் வேகம் குறையும், 6-க்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடும். கேப் டவுன் தண்ணீர் மென்மையானது, அங்கே இது சீக்கிரம் நடக்கும். 100 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா சேர்த்தால் கேஎச் (காரத்தன்மையின் அளவு) 2 டிகிரி ஏறும்.

மின்சாரம் போனால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். சில மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், திரும்ப ஓட விடும் முன் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பேட்டரி ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்கு மிகவும் தோதானது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்; தொட்டித் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

இரவு 2 மில்லிகிராம் அளவுக்கு ஊற்றி, மறுநாள் அதே நேரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூச்சியம் காட்ட வேண்டும். அடுத்த நாளும் அப்படியே காட்டினால் தொட்டி தயார். நைட்ரேட் ஏறிக் கிடக்கும், ஆகவே முக்கால்வாசிக்கு மேல் தண்ணீரை மாற்றி, குளோரின் நீக்கி, வெப்பத்தைச் சரிசெய்துவிட்டு மறுநாளே வாருங்கள். நாள் தள்ளினால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். வரும்போது கடைசி இரண்டு நாள் அளவுகளோடு சிறு சீசாவில் தொட்டித் தண்ணீரும் கொண்டுவாருங்கள், இங்கே ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு மீன் தருகிறோம்.

அன்புடன்,
கடைப் பணியாளர்கள்
சாட்ஸ்வர்த், டர்பன்