தென்னை வாடலைத் தேடினால் வாழை வாடல் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருபவன் என்ற முறையிலும், கிளை நூலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். அப்பக்கத்தில் வெளிவந்த பழைய கட்டுரைகளும் இணையப் பதிப்பில் கிடைக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவை வெளிவந்த தேதிப்படி, புதியது மேலாகவும் பழையது கீழாகவும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றனவே தவிர, வேண்டியவர் வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்ளும்படி அடுக்கப்படவில்லை.

சென்ற புரட்டாசியில் எங்கள் பங்காளி ஒருவர், தோப்பிலிருந்து ஒரு தென்னை மட்டையை அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கீற்றுகள் உட்பக்கமாக வளைந்து விலா எலும்பைப் போல் நின்றன, ஓரங்கள் காய்ந்திருந்தன. இதைப் பற்றித் தங்கள் நாளிதழில் விரிவாகப் படித்தது எனக்கு நினைவிருந்ததால், கைப்பேசியை எடுத்து 'வாடல்' என்று தேடினேன். முதலில் வந்தது வாழை வாடல். அடுத்தது பருத்தி வாடல். மூன்றாவதாகத் தென்னைக்கு வரும் தஞ்சாவூர் வாடல். தென்னை என்ற சொல்லைக் கண்டதும் பங்காளிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடிமரத்தைச் சுற்றி ஒரு சத போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் ஊற்ற வேண்டும் என்று அதில் இருந்ததைப் படித்துவிட்டு, "ஏனுங்கண்ணா, மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கியாரட்டுங்களா?" என்று கிளம்பத் தயாரானார். நல்ல வேளையாக நான் தடுத்தேன். தஞ்சாவூர் வாடல் பூஞ்சையால் வருவது. அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். அவர் கொண்டுவந்த மட்டை காட்டியதோ வேர் வாடல். அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வந்து பூச்சிகளால் பரவுவது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, உரமும் பராமரிப்பும் கொடுத்து மரத்தைத் தாங்கிப் பிடிக்கலாம், மோசமாகப் பாதித்ததை வெட்டி அகற்றலாம், அவ்வளவுதான்.

நான் தேடிய கட்டுரை மறுநாள்தான் கிடைத்தது. அதன் தலைப்பில் 'கேரள வாடல்' என்று போட்டிருந்தார்கள். வேர் வாடலும் கேரள வாடலும் ஒன்றே. தஞ்சாவூர் வாடலும் அடித்தண்டழுகலும் ஒன்றே. எழுதுபவர் எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஆளட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அடுக்குபவர் ஒரு பெயரைத் தலைப்பாக நிறுத்தி, மற்ற பெயரில் வருபவரை 'கேரள வாடல்: வேர் வாடல் பார்க்க' என்று கைபிடித்து அங்கே கொண்டுபோய் விட வேண்டும். நூலகத்தில் நூற்பட்டியல் அட்டைகளை வைத்து நாங்கள் நாள்தோறும் செய்த வேலை இது.

பெயரே தெரியாமல் வருபவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தென்னையில் பரவியபோது, எங்கள் ஊரில் எவரும் ஈயைப் பற்றிக் கேட்கவில்லை, "ஓலை கருப்பாகுதுங்க, என்ன மருந்து அடிக்கிறது?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கருப்பு, ஈ சொரியும் தேன் போன்ற கழிவின்மேல் படரும் கரும்பூசணம். கருப்புக்கு மருந்து தேடியவர்கள், ஈயைத் தின்று கட்டுப்படுத்தும் நன்மைப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும் மருந்தைத் தெளித்தார்கள். ஆகையால் 'ஓலை கருப்பு: வெள்ளை ஈ பார்க்க' என்றொரு வழிகாட்டியும் தேவை. அறிகுறி, நோய், பயிர் ஆகிய மூன்று வாசல்களில் எதன் வழியாக வந்தாலும் ஒரே வீட்டுக்குள் நுழைய முடிய வேண்டும். கடலைக்காய் என்று தேடும் ஈரோட்டுக்காரரும் மல்லாட்டை என்று தேடும் விழுப்புரத்துக்காரரும் நிலக்கடலைக் கட்டுரைக்கே வந்து சேர வேண்டும்.

தங்கள் இணையப் பதிப்பில் பயிர்ப் பட்டியல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் கன்று வளர்ப்பு கம்புக்கு முன்னால் நிற்கிறது. கறவை மாடு, கரும்பின் காலடியில் நிற்கிறது. இது யாருடைய கவனக்குறைவும் அன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு என்ற கணினி முறையின் எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் கடைசி எழுத்துகள். எண் வரிசையை அப்படியே விட்டுவிடாமல் தமிழ் அகரவரிசைப்படி அடுக்குமாறு மென்பொருளுக்குச் சொல்ல முடியும் என்று விவரம் அறிந்த இளைஞர்கள் கூறுகிறார்கள். பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் பிறந்த கொங்கு மண்ணில் இருந்துகொண்டு, அகரவரிசை தவறிய பட்டியலைப் பார்ப்பது எனக்குச் சற்று உறுத்துகிறது.

பட்டியலின் கடைசியில் 'பொது' என்றொரு தலைப்பும் உள்ளது. நான் என் வீட்டுப் பெட்டியில் கத்தரித்து வைத்த கட்டுரைகளுக்கும் முதலில் 'இதர' என்று ஒரு கோப்பு போட்டிருந்தேன். இரண்டே ஆண்டில் மற்றக் கோப்புகளைவிட அது பருத்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, அதில் பாதிக்குமேல் சொட்டுநீர்ப் பாசனம் பற்றியதாக இருந்தது. பொதுவில் சேர்வது பெருகுகிறது என்றால், அங்கே புதிய தலைப்பு ஒன்று பிறக்கக் காத்திருக்கிறது என்று பொருள்.

தேதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கச் சொல்லும் பழைய கட்டுரையை எடுப்பவருக்கு, 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது தெரிந்திருக்காமல் போகலாம். அத்தகைய கட்டுரைகளை நீக்க வேண்டியதில்லை; தலைப்பின் கீழேயே, கண்ணில் படும்படி, வெளியான ஆண்டையும் தடை பற்றிய ஒரு வரிக் குறிப்பையும் சேர்த்தால் போதும்.

என் பெட்டியிலுள்ள கட்டுரைகளுக்காகப் பயிர்வாரியாகவும் அறிகுறிவாரியாகவும் நான் எழுதிவைத்த தலைப்புப் பட்டியல் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. மஞ்சள், தென்னை, மரவள்ளி, கால்நடை ஆகிய நான்கும் முடிந்துவிட்டன, வாழை பாதியில் நிற்கிறது. தங்களுக்குப் பயன்படும் எனில், தங்கள் கோவை அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்,
பொள்ளாச்சி.