வளர்ப்புக் குடும்பத்தில் ஒப்படைத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றவரோடு வாழ முடியாத குழந்தையைத் தத்தெடுக்காமல், தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் வளர்ப்பதுதான் வளர்ப்புப் பராமரிப்பு. இதற்கான மாதிரி வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு 2024இல் திருத்தியது. திருமணம் ஆகாதவர்கள், துணையை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள் எனத் தனியாக வாழ்கிறவர்களும் இப்போது ஆறு வயது தாண்டிய குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் எடுக்கலாம். வயது 35 நிறைந்திருக்க வேண்டும். தனியாக வாழும் ஆண் என்றால் ஆண் குழந்தை மட்டும். ஒத்துப்போனால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தத்தெடுக்கவும் வழி உண்டு. முன்பு இதற்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நல்ல மாற்றம்தான். ஆனால், வீட்டுக்குள்ளேயே அடியும் பாலியல் வன்முறையும் பட்டு, குழந்தைகள் இல்லத்துக்கு வந்த குழந்தைக்கு விதி தளர்ந்தது மட்டும் போதாது.

குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவர் என்றால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல் துறை குழந்தையை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தையை அந்த வீட்டிலிருந்து பிரிப்பதா, வேண்டாமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள். குழந்தை நம்பும் பெரியவர் வேறு யாராவது உண்டா, குழந்தை என்ன விரும்புகிறது என்பதையெல்லாம் பார்த்தாக வேண்டும். நடைமுறையில் இந்த மூன்று நாள் அவசரத்தில் எளிதான வழியே தேர்வாகிறது: குழந்தை இல்லத்துக்கு, ஜாமீனில் வந்தவர் வீட்டுக்கு. தப்பு செய்தது நான்தான் போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. தாயும் குழந்தையும் வீட்டிலேயே இருக்க, குற்றம் சாட்டப்பட்டவரை வெளியே நிறுத்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இல்லமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாதுகாப்பான குடும்பம் உடனே கிடைக்காதபோது முதல் சில வாரங்களுக்கு இல்லம் தேவை. மருத்துவப் பரிசோதனை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து (72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்), வாக்குமூலம், பள்ளி என எல்லாம் ஒரே நேரத்தில் வரும். சிக்கல், இல்லம் எப்படி நடக்கிறது என்பதில். ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி படுக்கையிடம், ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று விதி அளந்து சொல்கிறது. ஆய்வுக்கு வருபவர்கள் இவற்றைச் சரிபார்த்துவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அழும் குழந்தையிடம் யார் போகிறார்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. படுக்கையை நனைக்கும் குழந்தையைக் காலையில் எல்லோர் முன்னாலும் விரிப்பை அலசச் சொல்வது இன்னும் ஒழியவில்லை. மெத்தை மேல் ரப்பர் ஷீட், பக்கத்தில் மாற்று விரிப்பு, மாற்றுடை, பேச்சில்லாமல் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடும் ஒரு கை: இவ்வளவுதான் தேவை.

மாமல்லபுரம் பகுதி ஆதரவற்றோர் இல்லங்களைப் பற்றி 2007இல் வெளியான பத்திரிகைச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்பது அதன் முக்கியமான உத்தரவு. திட்டங்கள் எழுதப்படுகின்றன. ஆனால் ஒரே இல்லத்தின் ஐந்து திட்டங்களை அடுத்தடுத்துப் படித்தால் பெயரும் வயதும்தான் மாறியிருக்கும். ‘ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) வழங்கப்படும்’ என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும். எந்தச் சிகிச்சை, யார் தருவது, எத்தனை வாரம் என்பது இருக்காது.

வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கான சிகிச்சைகளில் நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று, மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாக 12 முதல் 16 அமர்வுகள். பாதிப்பு ஆழமாக இருந்தால் கூடும். தொடக்கத்தில் நடந்ததைப் பற்றி விவரமாகப் பேச வைப்பதில்லை. பதறும்போது மூச்சை நிதானப்படுத்துவது, பயத்தையும் கோபத்தையும் வெட்கத்தையும் பிரித்து அறிவது, பிறகு தன் வேகத்தில் நடந்ததைச் சொல்வது அல்லது வரைவது என்று அது நகரும். வளர்ப்பவருக்கும் அதே காலத்தில் தனி அமர்வுகள் உண்டு. குழந்தை கனவு கண்டு அலறினால் என்ன செய்வது, பொய் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது என்று அவரும் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லத்தில் அந்த இடத்துக்கு யாரை அழைப்பது? முறைமாற்றிப் பணிக்கு வரும் இல்லத் தாயையா, ஒப்பந்தம் முடிந்தால் போய்விடும் ஆற்றுப்படுத்துநரையா? சிகிச்சை பலிக்க மாறாத ஒரு பெரியவர் வேண்டும். இல்லத்தைவிடக் குடும்பம் மேல் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வருமானச் சான்றையும் காவல் துறைச் சரிபார்ப்பையும் தாண்டிப் பார்க்க வேண்டியவை உண்டு. குழந்தை எந்த அறையில், யாருடன் படுக்கும்? வாரக்கடைசியில் வந்து தங்கும் உறவினர்கள் யார்? ‘பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கும்’ என்று சொல்லும் குடும்பத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். குழந்தை வரம் வேண்டிக் காத்திருந்து, தத்தெடுப்பு வரிசையைத் தவிர்க்க இந்த வழிக்கு வருகிறவர்களிடமும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: பெற்றவருக்குக் குழந்தையைப் பார்க்க உரிமை உண்டு, குழு தடுத்தாலன்றி. குழந்தை திரும்பிப் போகவும் கூடும். உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே ஒப்படைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆவது பிரிவு. மூவராக வந்த பிள்ளைகளை மூன்று இடத்தில் வைப்பது வசதிக்காகவே நடக்கிறது.

ஒப்படைத்த பிறகு முதல் மூன்று, நான்கு வாரம் குழந்தை விருந்தாளி போல இருக்கும். சொன்னதைக் கேட்கும், கொடுத்ததைச் சாப்பிடும். குடும்பமும் மகிழ்ந்து போகும், அலுவலரும் ‘நன்றாக உள்ளார்’ என்று எழுதிவிடுவார். அதன் பிறகுதான் சோதனை. தலையணைக்கு அடியில் இட்லியும் பிஸ்கட்டும் பதுங்கும். திட்டினால் பதுக்கல் கூடும். ‘இது உன் டப்பா, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்’ என்று ஒரு டப்பாவை நிரப்பி வைத்தால் மெல்லக் குறையும். சின்னக் கண்டிப்புக்கே கை ஓங்கப்படும் என்று தலையை மறைத்துக்கொள்ளும். சில குழந்தைகள் வேண்டுமென்றே அடிவாங்கப் பார்ப்பார்கள், இந்த வீட்டிலும் அடிப்பார்களா என்று தெரிந்துகொள்ள. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை வயதுக்கு மீறிய விதத்தில் பெரியவர்களைத் தொடலாம், மடியில் ஏறலாம். அதைக் கெட்ட பழக்கம் என்று முத்திரை குத்தாமல், அன்புக்கு வேறு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். கேட்டுவிட்டுத் தொடுவது, கதவைத் தட்டிவிட்டு நுழைவது, குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் என வீட்டு விதிகளை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் குழந்தைக்குத் தன்னை மட்டும் ஒதுக்குவதாகத் தோன்றாது. பல ஒப்படைப்புகள் இந்தக் கட்டத்தில்தான் முறிகின்றன. குடும்பம் கெட்டது என்பதால் அல்ல, இப்படியெல்லாம் வரும் என்று அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்.

நீதிமன்றத் தேதி நெருங்கும்போது எல்லாம் திரும்ப வரும்: படுக்கை நனையும், பள்ளிக்குப் போக மறுக்கும். நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளில் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், விசாரணையை ஓராண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது போக்சோ சட்டம், நடப்பது வேறு. வளர்ப்புக் குடும்பமும், விசாரணையின்போது குழந்தைக்குத் துணையாக இருக்கக் குழுவால் நியமிக்கப்படும் உதவி நபரும் முன்கூட்டியே சந்தித்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வந்தால் அந்தத் தகவல் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குழந்தையைச் சித்தி வீட்டிலோ பாட்டி வீட்டிலோ விடும்போது இது இன்னும் முக்கியம். ‘சமாதானமாகப் போய்விடலாம், சொன்னதை மாற்றிச் சொல்’ என்ற நெருக்கடி அங்கேதான் முதலில் வரும். பெற்றவர் சந்திப்பை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலகத்தில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு வீட்டு முகவரி வெளியே போகாது.

ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. தாமதமாக வந்தால் நடுத்தரக் குடும்பம் சமாளிக்கும். பாட்டிக்கு அது அரிசிக் காசு. தொகை ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில் வர வேண்டும். இரவு பதினோரு மணிக்குக் குழந்தை பொருட்களை உடைக்கும்போது அழைக்க, அந்தக் குழந்தையைத் தெரிந்த ஆற்றுப்படுத்துநர் ஒருவரின் எண் வேண்டும். வளர்ப்பவர் களைத்துப்போனால் ஓரிரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஏற்கெனவே பழகிய மாற்றுக் குடும்பம் ஒன்றும் வேண்டும். மாதாந்திரப் பார்வையிடலின்போது கூடத்தில் வளர்ப்புத் தாயின் முன்னிலையில் ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்பதில் பயனில்லை. தனியே அழைத்துப் பேச வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு குழந்தைகள் நலக் குழு, இல்லங்கள் போன்ற அமைப்புகளின் மேற்பார்வை மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை குழந்தைகள் குடும்பங்களில் ஒப்படைக்கப்பட்டனர் என்ற எண்ணிக்கையோடு, ஆறு மாதம் கழித்தும் அதே குடும்பத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர், சிகிச்சையை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டுப் பதிவு செய்யுமாறு ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைப் பாதுகாப்புத் துறைச் சமூகப் பணியாளர்கள் சிலர்,
மதுரை