வலி பத்துக்கு எத்தனை என்று எங்கள் அம்மாவிடம் கேட்காதீர்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் எலும்பு மருத்துவர்களுக்கும், மயக்க மருத்துவர்களுக்கும், ராத்திரி டியூட்டி பார்க்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

போன தை மாதம் என் அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றினோம். வயது 67, சர்க்கரை உண்டு. சத்துணவுக் கூடத்தில் வருடக்கணக்காக நின்று நின்றே தேய்ந்த கால். மூட்டில் இன்றைக்கு ஒரு குறையும் இல்லை, மாடிப்படி ஏறுகிறார். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அந்த முதல் ராத்திரியைப் பற்றியும், வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூட்டைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினார்கள். பிளாஸ்டிக் மாதிரியைக் கையில் கொடுத்தார்கள், எந்த உலோகம், எத்தனை வருடம் உழைக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். 2017 ஆகஸ்டில் அரசு மூட்டு விலைக்கு உச்சவரம்பு வைத்ததிலிருந்து, கோபால்ட் குரோமிய உலோக மூட்டுக்கு அப்போது வைத்த விலை வரி போக 54,720 ரூபாய் என்பது வரை எங்கள் தெருவில் பலருக்கு அத்துப்படி. மயக்க மருந்துக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். தியேட்டர் வாசலில் ஒரு டாக்டர் வந்து, பல் ஏதாவது ஆடுகிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அம்மா கையெழுத்துப் போட்டார், ஸ்ட்ரெச்சர் நகர்ந்துவிட்டது.

அவசியமான கேள்விகள்தான். அந்த மாத்திரையை உரிய நாளில் நிறுத்தாமல், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அம்மாவிடமும் ஒரு கேள்வி இருந்தது. முந்தைய ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டது அதனால்தான். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி நிக்காதாமே?" சிசேரியன் ஆன பெண்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கேட்காதவர்கள் குறைவு.

இதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகும்? தண்டுவடம் மேல் இடுப்போடு முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் போகிறது. 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறை, இன்றைக்குள்ள ஊசி அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம், அதற்கு வைத்தியம் உண்டு. ஆயுசுக்கும் நிற்கிற இடுப்பு வலிக்கு இந்த ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. இவ்வளவுதான். முதல் நாள் சாயந்திரம் யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் அம்மா தூங்கியிருப்பார்.

சரி, ஆபரேஷன் காலையிலேயே முடிந்தது. சாயந்திரம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுச் சித்தியிடம் போனில், "வலியே இல்லடி, நீயும் பண்ணிக்கோ" என்றார். தொடையின் உள்பக்கம் நரம்பை மரத்துப்போக வைக்கப் போட்ட ஊசி, 'பிளாக்' என்பார்கள், அது செய்த வேலை. முன்பெல்லாம் தொடை இடுக்கில் போடுவார்களாம். வலி போகும், கூடவே தொடைத் தசையும் பலமிழந்து நடக்கும்போது கால் மடங்கிவிடும். இப்போது கொஞ்சம் கீழே போடுவதால் அடுத்த நாளே வாக்கரைப் பிடித்து நடக்க முடிகிறது. அருமையான விஷயம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தடவை போட்ட பிளாக் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் விட்டுவிடும், விடும்போது வலி மொத்தமாக வந்து இறங்கும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா என் கையைப் பிடித்தார். "கால் வெடிச்சிரும் போல இருக்கு. உள்ள வச்சது நழுவிருச்சா?" சிஸ்டரைக் கூப்பிட்டேன். கேஸ் ஷீட்டில் வலி ஊசிக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது, அதாவது வேண்டியிருந்தால் மட்டும். "ஒன்பது மணிக்குக் கேட்டப்ப பத்துக்கு ரெண்டுதானே சொன்னாங்க" என்றார் அந்தப் பெண். அவர் சொன்னது உண்மை. டியூட்டி டாக்டர் வந்து ஊசி போடும்போது மணி இரண்டே முக்கால்.

அந்த 'ரெண்டு' பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். "ராத்திரி கண்ணு முழிக்கிற பிள்ளை, அதைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றார். அந்தத் தலைமுறைக்கு எண்ணில் வலி சொல்ல வராது. நாலு பேர் முன்னால் கேட்டால் 'பரவாயில்லை' என்பார்கள். ஆனால் வார்த்தையில் கேட்டுப் பாருங்கள். விண்விண்ணுன்னு தெறிக்குது, குடையுது, கடுக்குது, எரியுது, சுரீர்னு இழுக்குது, மரமரன்னு இருக்குது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். உங்களுக்கும் அது பயன்படும். விண்விண் என்றால் பெரும்பாலும் வீக்கம். காலை உயர்த்தி ஐஸ் வைத்தால் கேட்கும். எரிச்சலும் சுரீரும் நரம்பைக் காட்டுகின்றன, சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. கெண்டைக்காலில் புதிதாகக் கடுப்பும் வீக்கமும் என்றால் ரத்தக்கட்டு இருக்குமோ என்று உடனே பார்க்க வேண்டும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போவது தோலின் சிறு நரம்பு அறுபடுவதால் நிறையப் பேருக்கு வருகிற ஒன்று, ஆனால் அம்மா பக்கவாதம் என்று நினைத்து மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. எண் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே 'திரும்பிப் படுக்க முடிஞ்சுதா, தூங்கினீங்களா' என்றும் கேளுங்கள். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது அவர்களுக்கு.

இன்னொரு வேடிக்கை: பிசியோதெரபிஸ்ட் தினமும் பத்து மணிக்கு வந்து காலை மடக்குவார், வலி மாத்திரை பதினொன்றுக்கு வரும். கேட்டால் வார்டு நேரம் அதுதானாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது தோளுக்குக் கீழே ஒரு புப்ரினார்ஃபின் பட்டை, அதாவது தோல் வழியாக வலி மருந்தை உள்ளே விடும் பட்டை, ஒட்டி, ஏழு நாள் கழித்து எடுத்துவிடச் சொன்னார்கள். அதன்மேல் சூடு படக் கூடாது என்று சொல்லவில்லை. வாக்கரை ஊன்றி ஊன்றி தோள் வலிக்கிறது என்று அம்மா சொல்ல, அத்தை பாசமாக வெந்நீர்ப் பையை அதே இடத்தில் வைத்துவிட்டார். மதியம் எழுப்பினால் கண் சொருகுகிறது, வாய் குழறுகிறது, இரண்டு முறை வாந்தி. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மாமா மகன் வந்து பார்த்துவிட்டுத்தான் பையை எடுக்கச் சொன்னான். சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் ஏறும், மூச்சே மந்தமாகலாம் என்றான். அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தான். டிரமடால் என்ற வலி மருந்தும் பாரசிட்டமாலும் சேர்ந்தது ஒன்று, தம்பி கடையில் தானாக வாங்கிவந்த, அசிக்ளோஃபினாக் என்ற வேறொரு வலி மருந்தும் பாரசிட்டமாலும் சேர்ந்தது இன்னொன்று, போதாததற்குத் தனிப் பாரசிட்டமால். பாரசிட்டமால் ஒரு நாளைக்கு நாலு கிராமைத் தாண்டக் கூடாது, வயதானவர்களுக்கு அதிலும் குறைவு. சர்க்கரைக்காரருக்கு அசிக்ளோஃபினாக் சிறுநீரகத்தில் கைவைக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருந்திருக்கலாம். தமிழில், மணி போட்டு, எதை எதோடு சாப்பிடக் கூடாது என்று ஒரு தாள் கொடுத்திருந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்போம்.

பைபாஸ் சாலையில் 'வலியில்லா மூட்டு மாற்று' என்று பெரிய போர்டு நிற்கிறது. அதை எழுதியவரை அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கள் வார்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். வலிக்கும், இந்த நேரத்தில் வலிக்கும், அதற்கு இதை வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் அம்மா அதே வலியைப் பயமில்லாமல் தாங்கியிருப்பார்.

இடது கால் தீபாவளி கழித்து. அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. ஊசி போடுகிற டாக்டரை முந்தின நாளே பார்த்துப் பேச வேண்டுமாம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாசலில் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறோம்.

இப்படிக்கு,
அன்று ராத்திரி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மகள்