பக்கத்து சீட்டுக்காரி

ஏட்டி, எப்படி இருக்க? பதில் போடலன்னு திட்டாத, இங்க டெக்ஸாஸ் வெயில் நம்மூரு வெயில தூக்கிச் சாப்பிட்டுரும்.

என் பக்கத்து சீட்ல சைக்காலஜி பிஎச்டி பண்ற பொண்ணு ஒருத்தி இருக்கான்னு சொன்னேன்ல, மெக்ஸிகோ பார்டர்கிட்ட ரியோ கிராண்ட் பள்ளத்தாக்குதான் அவ ஊரு, வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளே இவதான். அவ அம்மா தெனமும் போன போட்டு "இன்னுமா படிக்க?"ன்னு கேக்காங்க, அப்படியே எங்கம்மாதான், என்ன ஸ்பானிஷ்ல. மாசம் ரெண்டு தடவ அஞ்சு மணி நேரம் கார் ஓட்டிப் போயி பாட்டிய ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போவா, டாக்டர் பேசுறது பாட்டிக்குப் புரியாது பாட்டி பேசுறது டாக்டருக்குப் புரியாது, நடுவுல இவதான். திங்கக்கிழமை தூங்கி வழிஞ்சா கைடு "உனக்கு படிப்புல அக்கறையே இல்லையே"ங்காரு.

அதுகூடப் போட்டும். டிபார்ட்மென்ட்ல எந்தக் கமிட்டி போட்டாலும் லத்தீனா, அதான் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பொண்ணு, ஒருத்தி வேணும்னு இவ தலைல கட்டிருவாங்க, ஸ்பானிஷ் பேசுற ஜூனியர் பிள்ளைங்க அழுதா நேரா இவ டேபிளுக்குத்தான் வருதுங்க, இவளும் போன்னு சொல்ல மாட்டா, பேப்பர் எழுதுற நேரம் பூரா அதுல போயிருது, பயோடேட்டால ஒரு வரி ஏறாது. இதுக்கு 'கல்ச்சுரல் டாக்ஸேஷன்', அதாவது பண்பாட்டு வரின்னு, அமாடோ படியாங்கிற சைக்காலஜி பேராசிரியர் 1994லயே பேரு வச்சுட்டாரு. வரி கட்டினா ரோடாவது போடுவான், இதுல என்ன கிடைக்கு?

மார்த்தா பெர்னல்னு ஒருத்தங்க, சைக்காலஜில பிஎச்டி வாங்குன மொத மெக்ஸிகன் அமெரிக்கப் பொம்பள, 1962ல இண்டியானா யூனிவர்சிட்டி. வேலை கேட்டா "பொம்பளைங்கள எடுக்கிறதில்ல"ன்னு பதில் வந்துச்சாம். அந்தம்மா பிறகு 1970கள்ல எந்த டிபார்ட்மென்ட்ல சிறுபான்மை ஆளுங்க எத்தன பேரு இருக்காங்கன்னு கணக்கெடுத்தே பேப்பர் போட்டாங்க. இவ டேபிள்ல அவங்க போட்டோதான் ஒட்டி வச்சிருக்கா.

இன்னொரு போட்டோ எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா, அதே பள்ளத்தாக்கு ஆளு, பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ் பேசினதுக்கு அடி வாங்கினவங்க. தீசிஸ் முடியப்போற நேரம் 2004ல இறந்துட்டாங்க, கலிபோர்னியாவுல சாண்டா குரூஸ் யூனிவர்சிட்டி பட்டம் குடுத்தது 2005ல. அதனாலயோ என்னமோ இவ தீசிஸ்ல நன்றி சொல்ற பக்கத்த முழுசா ஸ்பானிஷ்லயே எழுதிட்டா, இங்கிலீஷ்ல மாத்துன்னு ஒருத்தர் சொன்னதுக்கு "இது எங்க பாட்டி படிக்க"ன்னுட்டா.

அடுத்த மாசம் அவளுக்கு டிஃபென்ஸ், அதான் தீசிஸுக்கு வாய்மொழித் தேர்வு. அம்மா தமாலே கொண்டு வராங்களாம், மக்காச்சோளத் தோல்ல மாவ வச்சு மடிச்சு அவிக்கிறது, நம்ம ஓலைக் கொழுக்கட்டைக்கு அக்கா தங்கச்சி மாதிரி. நானும் ஓலைக் கொழுக்கட்டை கொண்டாறேன்னு வாய விட்டுட்டேன், பனை ஓலைக்கு இங்க எங்கட்டி போவேன்? காஞ்ச ஓலை கொரியர்ல வருமான்னு உங்க அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லு.