பல்லி இனப் பெண்ணுக்கு எதற்கு மனித மார்பகம்?

ஆசிரியருக்கு வணக்கம். வீடியோ கேம்களில் வரும் கற்பனை இனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2007-ல் டிரெனாய் இனம் வந்தது, அதில் ஆண் மலை போல அகன்ற தோளுடன் நிற்கிறான், பெண்ணோ கொடியிடையாள், குளம்பும் வாலும் இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே இனம் என்றே தெரியாது. 2011-ல் வந்த ஸ்கைரிமில் ஆர்கோனியன்கள் பல்லி போன்றவர்கள், அந்தப் பெண்களுக்கும் மனித மார்பகம்! அப்புறம் கவசம்: ஆணுக்கு உடம்பு முழுக்க இரும்பு, பெண்ணுக்கு வயிறு திறந்து கிடக்கும் விளையாட்டுகள் எத்தனை! விளையாடுகிற பெண்ணாக எனக்கு இது வலிக்கிறது. சரி, வேறு மாதிரி வரையவே முடியாதா? முடியும். 2012-ல் வந்த கில்ட் வார்ஸ் 2-ல் ‘சார்’ (Charr) என்ற விலங்கு போன்ற இனத்தின் பெண்களுக்கு மனித மார்பகம் கிடையாது, கொம்பும் கோரைப்பல்லும் ரோமமுமாகப் போர்வீராங்கனைகளாகவே இருக்கிறார்கள்.